பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்: ஆர்.சி. பக்கி கேள்வி பதில்

ரிமோட் கார் பகுதிக்கு இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கியரைப் பற்றியே. மோட்டார் மாற்றினேன் கியர் போய்விட்டது, கியர் மாற்றினேன் மோட்டார் கொதிக்கிறது, இரண்டையும் மாற்றினேன் டிஃப் உடைந்துவிட்டது என்று எல்லோரும் ஒரே கதையைத்தான் ஆளுக்கொரு இடத்தில் ஆரம்பித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் பாடி பெயின்ட், ரேடியோ பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: பக்கி என்பது மண்ணில் ஓடுகிற ரிமோட் கார், மோட்டார் தண்டில் மாட்டுகிற சின்னக் கியர் பினியன், அதோடு கடிக்கிற பெரிய கியர் ஸ்பர், திருப்பத்தில் இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல்தான் டிஃப். மீதி போகப்போகப் புரியும்.

என்னிடம் 1/10 அளவு டூவீல் டிரைவ் பக்கி இருக்கிறது சார். ஸ்பர் 86 பல். ஆன்லைனில் 20 பல் பினியன் மலிவாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டேன். மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி சத்தம். இரண்டாவது பேட்டரி தீர்வதற்குள் ஸ்பர் பல் மொத்தமும் மழுங்கிவிட்டது. இந்த வண்டிக்கு 20 பல் சேராதா?
(கல்லூரி மாணவர், மதுரை)

20 பல் தாராளமாகச் சேரும் தம்பி. ஆனால் நீங்கள் எத்தனை பல் என்று பார்த்தீர்களே தவிர எந்த அளவுப் பல் என்று பார்க்கவில்லை. எண்ணிக்கை இரண்டாவது விஷயம்தான், பல் எவ்வளவு பருமன் என்பதுதான் முதலில். அதை அமெரிக்கக் கம்பெனிகள் பிட்ச் கணக்கில் (ஒரு அங்குல விட்டத்துக்கு எத்தனை பல்) சொல்வார்கள், ஜப்பான், சீனா, ஐரோப்பா பக்கம் மாட்யூல் கணக்கில் (ஒரு பல்லுக்கு எத்தனை மி.மீ. விட்டம்) சொல்வார்கள். பிட்ச் எண் ஏற ஏறப் பல் சிறுக்கும், மாட்யூல் எண் ஏற ஏறப் பல் பெருக்கும், இந்தத் தலைகீழ் விஷயத்தில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். 25.4-ஐப் பிட்ச் எண்ணால் வகுத்தால் மாட்யூல் வந்துவிடும். 64 பிட்ச் என்றால் 0.397, 48 என்றால் 0.529, 32 என்றால் 0.794.

இப்போது எது எதோடு சேரும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். 32 பிட்சும் 0.8 மாட்யூலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட வித்தியாசப்படவில்லை, அதனால் இரண்டையும் கலந்து போடலாம், டிராக்ஸாஸ் தன் 0.8 கியர்களை 32 பிட்சோடு சேரும் என்று சொல்லித்தான் விற்கிறது. 64 பிட்சும் 0.4 மாட்யூலும் அதே உறவு. ஆனால் 48 பிட்சுக்கு மாட்யூலில் ஜோடியே கிடையாது. 0.5 சிறியது, 0.6 பெரியது, இரண்டும் சேராது. நீங்கள் வாங்கியது 0.6 ஆகத்தான் இருக்கும், ஏனென்றால் மலிவுச் சந்தையில் அதுதான் கொட்டிக் கிடக்கிறது, வெறும் கண்ணுக்கு 48 மாதிரியேதான் தெரியும். 48 பிட்சில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 1.66 மில்லிமீட்டர், 0.6-இல் 1.88. ஒரு பல் ஒழுங்காக உட்கார்ந்தால் அடுத்த பல் கிட்டத்தட்டக் கால் மில்லிமீட்டர் தள்ளி வந்து முட்டும். பினியன் எஃகு, ஸ்பர் பிளாஸ்டிக், யார் தோற்பார் என்று சொல்லவா வேண்டும்.

பாக்கெட்டைத் தொலைத்துவிட்டால் வெர்னியர் போதும். கியரின் வெளி விட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அதால் வகுத்தால் மாட்யூல் வரும். உங்கள் 86 பல் ஸ்பர் 46.6 மி.மீ. விட்டம் காட்டினால் 48 பிட்ச், 52.8 காட்டினால் 0.6 மாட்யூல். அளப்பதற்கு எப்போதும் ஸ்பரையே எடுங்கள், பினியன் சின்னது, அதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே கணக்கு வேறு ஊருக்குப் போய்விடும். பல் குறைந்த பினியன்களில் வெளி விட்டத்தைக் கொஞ்சம் மாற்றி வெட்டுவதும் உண்டு.

சரியான பினியன் வந்ததும் மாட்டும் முறை இது. நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு நீளத் துண்டு கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை ஸ்பர் பக்கம் அழுத்தித் திருகை முறுக்குங்கள், அப்புறம் ஸ்பரை உருட்டித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் வரிவரியாக மடிந்து வந்தால் நல்லது. இப்போது ஸ்பரை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பினியனை ஆட்டினால் லேசாக ‘டிக்’ என்று ஒரு அசைவு இருக்க வேண்டும். ஸ்பரைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்திலும் இதைப் பாருங்கள், பிளாஸ்டிக் ஸ்பர் எதுவும் அச்சு அசல் வட்டமாக இருப்பதில்லை, ஒரு பக்கம் சரியாக இருந்து எதிர்ப்பக்கம் இறுகிக்கொள்ளும். இறுகுகிற இடத்தை வைத்துத்தான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

வேகம் போதவில்லை என்று 21 பல் பினியனை எடுத்துவிட்டு 24 போட்டேன். ஸ்பர் 81. மோட்டார் 3300 கே.வி., டூ செல் லிப்போ. வேகம் கூடிய மாதிரி பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் மோட்டாரைத் தொட முடியவில்லை. யூடியூபில் இதே வண்டிக்கு 25 வரை போடுகிறார்களே?
(ஐ.டி. ஊழியர், சென்னை)

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். ஸ்பரைப் பினியனால் வகுத்து, கியர்பாக்ஸின் உள் விகிதத்தால் பெருக்கினால் மொத்த விகிதம். உள் விகிதம் வண்டிக்கு வண்டி வேறு, மேனுவலில் இருக்கும். டிராக்ஸாஸின் டூவீல் டிரைவ் பெட்டிகளில் 2.72, இன்னும் பல 1/10 ரேஸ் பக்கிகளில் 2.6. உங்கள் வண்டி எது என்று எழுதவில்லை, 2.6 என்று வைத்துக்கொள்கிறேன். 81-ஐ 21-ஆல் வகுத்து 2.6-ஆல் பெருக்கினால் 10.03. அதாவது மோட்டார் பத்துச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 24 பல்லில் அது 8.78 ஆகிறது.

3300 கே.வி. என்றால் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3300 சுற்று, அதை டூ செல் பேட்டரியின் 7.4 வோல்ட்டால் பெருக்கினால் நிமிடத்துக்கு 24,420 சுற்று. டயர் விட்டம் 85 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 26.7 செ.மீ. ஓடும். 21 பல்லில் மணிக்கு 39 கி.மீ., 24 பல்லில் 44.6. இது காகிதக் கணக்கு, சுமை ஏறினால் நிஜ ஓட்டத்தில் இரண்டும் குறையும். ஆக நீங்கள் வாங்கியது ஐந்தரை கிலோமீட்டர் வேகம். அதற்குக் கொடுத்த விலை என்ன? சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, அதை ஈடுகட்ட மோட்டார் கரண்டைக் கூடுதலாக இழுக்கிறது. அதோடு காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், ஏழில் ஒரு பங்கு வேகம் கூடினால் காற்றுக்கு மட்டுமே ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். எல்லாம் சூடாகத்தான் வெளியே வரும்.

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் உங்கள் கேள்வியை எடுத்தேன். அந்த வீடியோக்களில் பாதி குளிர் நாட்டில் எடுத்தவை. மோட்டாரின் சூடு என்பது வெளிக் காற்றின் சூட்டுக்கு மேலே எவ்வளவு ஏறுகிறது என்கிற கணக்கு. ஒரே கியர், ஒரே ஓட்டத்தில் மோட்டார் காற்றைவிட 45 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 டிகிரி ஊரில் அது 60-இல் நின்றுவிடும். சென்னையில் சித்திரை வெயிலில் 38 டிகிரியில் ஆரம்பித்தால் 83. நான் 80-ஐத் தாண்ட விடமாட்டேன். அதற்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் மோட்டாருக்குள் சுற்றும் ரோட்டார் காந்தம் கொஞ்சம் கொஞ்சமாக வலு இழக்கும், வலு இழந்த மோட்டார் இன்னும் கரண்ட் இழுக்கும், இன்னும் சுடும், அப்புறம் திரும்பி வராது. ஆகவே குளிர் நாட்டுக்காரர் சொன்ன பினியனில் ஒன்றோ இரண்டோ பல் குறைத்து ஆரம்பியுங்கள், ஐந்து நிமிடம் ஓட்டி அளந்து பாருங்கள், இடம் இருந்தால் ஒவ்வொரு பல்லாக ஏற்றுங்கள். அளப்பதற்குக் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியை எடுக்காதீர்கள், அது காய்ச்சல் பார்க்கிற அளவுக்கு மேல் காட்டாது. எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்தான் வேண்டும்.

த்ரீ செல்லுக்குப் போகும் ஆசை இருந்தால் இன்னொன்று. வோல்ட் ஒன்றரை மடங்கு ஆகிறது, எனவே 21 பல் இருந்த இடத்தில் 14 போட்டால்தான் அதே வேகம். பேட்டரியை மட்டும் மாற்றிப் பினியனை அப்படியே விடுகிறவர்கள்தான் மோட்டார்க் கடைக்காரருக்கு வாழ்வு கொடுப்பவர்கள்.

பன்னிரண்டு வயதுப் பையனுக்கு முதல் பக்கி வாங்கப் போகிறோம். வண்டியோடு சேர்த்து என்ன உதிரி பாகம் வாங்கி வைப்பது? எனக்கு இதெல்லாம் தெரியாது சார், கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.
(ஒரு தாய், சேலம்)

வாங்குவதற்கு முன்பே கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்மா, இந்த வண்டிக்கு ஸ்பர் கியரும் முன் சஸ்பென்ஷன் கையும் உங்களிடம் இப்போது கையிருப்பில் இருக்கிறதா என்று. தயங்கினால் வேறு வண்டியைப் பாருங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. வாங்கும்போது ஸ்பர் இரண்டு, பினியன் வண்டியோடு வந்த அளவில் ஒன்று, அதைவிட ஒரு பல் குறைவாக ஒன்று, சக்கரத்தை இழுக்கும் டிரைவ் ஷாஃப்ட் ஒரு ஜோடி. இவ்வளவு போதும். மெட்டல் அப்கிரேடு கிட் என்று பளபளவென நீலக் கலரில் ஒன்றைக் காட்டுவார்கள், அது வேண்டாம்.

எங்கள் ஊரில் மூலைக்கு மூலை லேத் பட்டறை. 1/8 பக்கிக்கு 46 பல் ஸ்பர், 15 பல் பினியன் இரண்டையும் இங்கேயே வெட்டிக்கொள்ள முடியுமா? வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகிறது.
(பம்ப் செட் தொழிலில் இருப்பவர், கோவை)

முடியும், உங்கள் ஊரில் முடியாவிட்டால் வேறு எந்த ஊரில் முடியும். அதிலும் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், 1/8 வண்டிகளில் பெரும்பாலும் 1 மாட்யூல் பல்தான். ஹாபிங் மெஷின் (கியர் பல் வெட்டும் இயந்திரம்) வைத்திருக்கும் கியர் பட்டறையில் அதில் மாட்டும் 1 மாட்யூல் கட்டரான ஹாப் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அந்த ஒரே ஹாபில் எத்தனை பல் வேண்டுமானாலும் வெட்டலாம். மில்லிங்கில் வெட்டுபவர் என்றால் கட்டர் பல் எண்ணிக்கைக்கு ஏற்ப மாறும், எட்டு கட்டர் கொண்ட செட் அது, 15 பல்லுக்கு 14 முதல் 16 வரை வெட்டும் கட்டர், 46-க்கு 35 முதல் 54 வரை வெட்டும் கட்டர். அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலேயே ஒப்பேற்றிவிடலாம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள், பல் கன்னம் சரியாக வராது. அழுத்தக் கோணம் (பல் கன்னத்தின் சாய்வு) 20 டிகிரி என்று மறக்காமல் சொல்லுங்கள், பழைய கட்டர்களில் பதினாலரை டிகிரியும் இருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று சேராது.

இதைவிட எனக்குப் பிடித்த வழி வயர் கட். பினியனும் ஸ்பரும் நேர்ப்பல் கொண்ட தட்டையான கியர்கள், எனவே கணினியில் போட்ட கேட் (CAD) வரைபடம் கொடுத்தால் மெல்லிய பித்தளைக் கம்பியால் கோட்டோடு கோடாக அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஹாப் வேண்டாம், கட்டர் வேண்டாம், 48 பிட்ச், 0.6 என்று எந்த அளவும் வரும். முக்கியமான வசதி, எஃகை முதலிலேயே கடினப்படுத்திவிட்டு அப்புறம் வெட்டலாம், சூடு காட்டியதில் பல் கோணிப்போகும் தொல்லை இல்லை. வெட்டும் நீளத்தையும் தடிமனையும் பார்த்துத்தான் கூலி, எனவே ஒன்று மட்டும் வெட்டினால் கட்டுப்படியாகாது, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பினியனாக வெட்டிக்கொள்ளுங்கள். பினியனுக்கு EN24 எஃகு எடுத்து ஹார்டனிங் டெம்பரிங் செய்யச் சொல்லலாம், ஸ்பருக்கு EN8 போதும். வெறும் எம்.எஸ். (சாதா மைல்டு ஸ்டீல்) துண்டில் வெட்டித் தருகிறேன் என்பார்கள், விலை குறைவுதான், பல்லும் சீக்கிரமே குறைந்துவிடும்.

பிளாஸ்டிக்கில் வேண்டுமென்றால் டெல்ரின் கம்பி கேளுங்கள். நைலான் ஈரத்தை இழுத்து ஊதும், மழைக்காலத்தில் நீங்கள் வைத்த இடைவெளி காணாமல் போயிருக்கும். பி.எல்.ஏ.வில் த்ரீடி பிரின்ட் எடுத்த ஸ்பர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரிக்கே இளக ஆரம்பிக்கும், பக்கத்தில் 80 டிகிரியில் மோட்டார்.

பல் மட்டும் சரியாக வந்தால் போதாது, நடுத் துளை பிசகினால் கியர் அலம்பும். 1/8 மோட்டார் தண்டு 5 மி.மீ., பினியன் துளை அதில் இழைந்து நுழைய வேண்டும், லொடலொடவென்று இருக்கக் கூடாது. 1 மாட்யூலில் இரண்டு கியரின் மையத் தூரம் பற்களைக் கூட்டி இரண்டால் வகுத்தது, உங்கள் ஜோடிக்கு 30.5 மி.மீ. மோட்டார் நகரும் பள்ளத்துக்குள் அந்தத் தூரம் வருகிறதா என்று வெட்டுவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். டிஃப்புக்குள் இருக்கும் கிரவுன் கியரை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள், அது கூம்பு வடிவக் கியர், பல வண்டிகளில் பல் வளைந்து வேறு இருக்கும், அதை விலைக்கு வாங்குவதுதான் வழி.

540 மோட்டாரை எடுத்துவிட்டு 1/8 மோட்டார் போட ஆசை. என் பினியன் அதில் நுழையவில்லை.
(ஈரோடு)

நுழையாது. 1/10 வண்டிகளில் வரும் 540, 550 அளவு மோட்டார்களின் தண்டு 3.17 மி.மீ., 1/8 மோட்டார் 5 மி.மீ. பெரிய துளைப் பினியனைச் சின்னத் தண்டில் மாட்டச் சிறு புஷ் கிடைக்கும், தலைகீழாக ஒன்றும் செய்ய முடியாது. பினியன் துளையை டிரில்லில் பெரிதாக்கினால் மையம் போய்விடும். அது கிடக்கட்டும், 1/8 மோட்டாரின் முறுக்கத்தை 1/10 வண்டியின் டிஃப் தாங்குமா என்று யோசித்தீர்களா? சக்கரத்தை மாட்டும் ஹெக்ஸ்கூட 1/10-இல் 12 மி.மீ., 1/8-இல் 17 மி.மீ. என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

நைட்ரோ (எரிபொருள் எஞ்சின்) வண்டியிலிருந்து எலெக்ட்ரிக்குக்கு மாற்றிய 1/8 பக்கி. முன் டிஃப் கிரவுன் கியர் மூன்று பல் பறந்துவிட்டது. என் கம்பெனி கியர் எங்கேயும் இல்லை, வேறு கம்பெனியின் 43 பல் கிரவுன் இருக்கிறது. போடலாமா அண்ணே?
(திருச்சி)

கிரவுனை மட்டும் வாங்கி உங்கள் பழைய பினியனோடு சேர்க்காதீர்கள். கிரவுனும் அதன் பினியனும் கணவன் மனைவி மாதிரி, ஜோடியாகத்தான் வரும். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் பல்லின் சாய்வு, கூம்பின் கோணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜோடியாகவே வாங்கினாலும் அது உங்கள் கியர் பெட்டிக்குள் உட்காருமா என்பது வேறு கேள்வி: டிஃப் கப்பில் திருகுத் துளைகள் எத்தனை, பேரிங் 8×16×5 தானா, பினியன் தண்டின் நீளம் அதேதானா என்று மூன்றையும் பாருங்கள்.

நாலாவதாக விகிதம். பின் டிஃப்பில் 43-க்கு 13 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 3.31. முன்னால் 42-க்கு 12 போட்டால் 3.5. கிட்டத்தட்ட ஆறு சதவீத வித்தியாசம், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தரையில் வெவ்வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே சென்டர் டிஃப் இருந்தால் அது நேர் ரோட்டில்கூட ஓயாமல் சுற்றிக்கொண்டு எண்ணெயைக் காய்ச்சும். சென்டர் டிஃப் இல்லாமல் நேராகப் பூட்டிய வண்டி என்றால் டயரைத் தேய்க்கும், இல்லை அடுத்த பல்லைப் பறக்கவிடும்.

புதுக் கியர் போட்டதும் ஷிம் வைக்காமல் மூடிவிடாதீர்கள், முதல் கியர் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். டிஃப் பேரிங்குக்குப் பின்னால் போகும் 13×16×0.2 மி.மீ. வளையம் அது. கிரவுன் இருக்கும் பக்கம் ஒன்று கூட்டினால் கிரவுன் பினியனை நெருங்கும். பெட்டியை முழுதாக முறுக்கிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று இறுகினால் ஒன்றை எடுங்கள், கிரவுனைப் பிடித்துக்கொண்டு பினியனை ஆட்டும்போது ‘டக்டக்’ என்று அடித்தால் ஒன்றைக் கூட்டுங்கள். பெட்டியைப் பாதி முறுக்கி வைத்துக்கொண்டு பார்க்கிற பார்வை பிரயோஜனப்படாது.

அப்புறம் ஓட்டும் பழக்கம். குதித்துத் தரை இறங்கும்போது விசையை அழுத்திக்கொண்டே இறங்குகிறீர்களா? ஆகாயத்தில் வெறித்தனமாகச் சுற்றும் சக்கரம் தரையைத் தொட்டதும் சட்டென்று மட்டுப்படும், அந்த அடி முழுக்கக் கிரவுன் பல்லில்தான் விழும். நைட்ரோ எஞ்சினில் கிளட்ச் கொஞ்சம் வழுக்கிக் காப்பாற்றியிருக்கும், எலெக்ட்ரிக்கில் அந்தக் காப்பு கிடையாது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே விசையை விட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஸ்பர் அடிக்கடி போகிறது. ஸ்டீல் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?
(திருநெல்வேலி)

ஸ்பர் பிரச்சினை தீரும். அடுத்த பிரச்சினை எங்கே ஆரம்பிக்கும் என்று பாருங்கள். எல்லாம் கெட்டியாகிவிட்டால் அடி வாங்குவதற்கு ஒருவர் வேண்டுமே, அவர் டிஃப்புக்குள்ளேயோ மோட்டார் தண்டிலேயோ இருப்பார், அவரை மாற்ற வண்டி முழுவதையும் பிரிக்க வேண்டும். ஸ்பர் கழற்றி மாட்டச் சுலபமானது, விலை குறைந்தது, போகட்டும் என்றுதான் அதைப் பிளாஸ்டிக்கில் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி போகிறது என்றால் ஸ்பரைத் திட்டாமல் இடைவெளியையும் ஸ்லிப்பரையும் (அடி விழும்போது வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச்) பாருங்கள். ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கும் வண்டியில் பின் சக்கரம் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஸ்பரைத் தள்ளினால், நன்றாக அழுத்திய பிறகே நகர வேண்டும், ஆனால் நகர வேண்டும். நகரவே இல்லை என்றால் யாரோ நட்டைக் கடைசிவரை முறுக்கி வைத்திருக்கிறார்கள்.

மோட்டார் தாங்குகிற தட்டு கெட்டியான அலுமினியமாக உள்ள 1/8 வண்டியில் ஸ்டீல் ஸ்பர் போடலாம், அங்கே அது வழக்கம்தான். சத்தம் கூடும், இடைவெளியில் பிசகுக்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் எந்த வண்டியாக இருந்தாலும் பினியனை எஃகிலேயே வாங்குங்கள். அலுமினியப் பினியன் செம்மண் தூசியில் ஓடினால் பல் நுனி கூர்மையாகத் தேய்ந்து சுறாப் பல்லாக மாறும், அந்தப் பினியன் புது ஸ்பரையும் சேர்த்துத் தின்னும். பழைய பினியனை விட்டுவைத்து ஸ்பரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஒருமுறை பினியனை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

டாமியா கம்பெனியின் டிடி-02பி (TT-02B) பக்கி கிட் வாங்கிக் கட்டினேன். 17 பல் பினியன் வந்தது. 20 போடப் பார்த்தால் மோட்டார் நகர இடமே இல்லையே?
(புதுச்சேரி)

அது அப்படித்தான். பல ரேஸ் வண்டிகளில் மோட்டார் ஒரு நீளப் பள்ளத்தில் இஷ்டம்போல நகரும், டாமியாவின் இந்த வகை வண்டிகளில் திருகு போகும் துளைகள் குறிப்பிட்ட சில பல் எண்ணிக்கைகளுக்கு மட்டும் கணக்குப் பார்த்துப் போட்டவை. 0.6 மாட்யூலில் ஒரு பல் கூடினால் மோட்டார் 0.3 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும், துளை இல்லாத இடத்தில் அந்த 0.3-க்கு எங்கே போவது. மேனுவலில் இருக்கும் பட்டியலைப் பார்த்து அதில் உள்ள பினியனை மட்டும் வாங்குங்கள். ஸ்பர் 70, பினியன் 17, உள் விகிதம் 2.6 எல்லாம் சேர்ந்து 10.7, மண் தரைக்கு மோசமான விகிதம் இல்லை. கையில் காசு இருந்தால் பினியனுக்கு முன்னால் பேரிங் போடுங்கள், கிட்டில் வரும் பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு. 1150 என்று கேட்டால் கொடுப்பார்கள், 11 மி.மீ. வெளி விட்டம், 5 மி.மீ. உள் விட்டம் என்று அர்த்தம்.

5-7-3 என்று எழுதுகிறார்களே, அது கியர் விகிதமா?
(வேலூர்)

இல்லை, டிஃப் எண்ணெயின் கெட்டித்தனம். முன் டிஃப்பில் 5000, நடுவில் 7000, பின்னால் 3000 சி.எஸ்.டி. சிலிக்கான் எண்ணெய், 1/8 பக்கிக்கு ஆரம்பிக்க நல்ல இடம். ஷாக் அப்சார்பரில் ஊற்றும் ஷாக் எண்ணெய்க்குச் சொல்லும் வெயிட் எண் வேறு கணக்கு, அதை இதோடு குழப்பிக்கொண்டு ஷாக் எண்ணெயை டிஃப்பில் ஊற்றிவிடாதீர்கள். ஊற்றும்போது உள் கியர்கள் மூழ்கும் அளவு போதும், காற்றுக் குமிழி ஏறி அடங்கும்வரை பொறுத்திருந்து மூடுங்கள், தளும்பத் தளும்ப நிரப்பினால் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

வேறு வண்டியின் டிரைவ் ஷாஃப்ட் என் வண்டிக்குப் பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(நாகர்கோவில்)

ஷாஃப்டின் இரு முனைக் குண்டிலும் குறுக்கே ஒரு சின்ன ஊசி இருக்கும். ஒரு முனை ஊசியிலிருந்து மறுமுனை ஊசி வரை நீளம், ஊசியின் தடிமன், குண்டின் விட்டம், இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனதும் மாட்டிவிட்டு, ஷாக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு சஸ்பென்ஷன் கையை மேலே கடைசிவரை, கீழே கடைசிவரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். எந்த இடத்திலும் ஷாஃப்ட் அந்த ஊசிகள் உட்காரும் இரண்டு கப்புக்கும் நடுவே இறுகக் கூடாது, சுமார் ஒரு மில்லிமீட்டராவது பக்கவாட்டில் ஆட வேண்டும், அதே சமயம் எந்த இடத்திலும் ஊசி கப்பின் விளிம்புக்கு வந்துவிடக் கூடாது. முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்து இன்னொரு முறை இதையே பாருங்கள். தண்டில் இறுக்கும் தலையில்லாச் சின்னத் திருகான கிரப் ஸ்க்ரூவில் நீல லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, தண்டின் தட்டைப் பகுதிக்கு நேராக. இரும்பு இரும்போடு சேரும் இடத்தில் மட்டும், பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் வெடிக்கும்.